தடை நேரம்

பதினாலாங்கட்டையில் கரண்ட் போனது
புதன்கிழமை, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க.
பசார் மாலாம் போடுகிற நாள்.
கடைவீதிக்குப் பின்னால்
செம்பனை தொடங்கும் இடத்தில் டிரான்ஸ்பார்மர்.
வெடித்த சத்தம் மில் வரைக்கும் கேட்டதாம்.

ஏணியைச் சாய்க்கும்போதுதான் பார்த்தேன்.
குறுக்குச் சட்டத்தில் ஒரு குரங்கு,
மடியில் குட்டி.
ஒரு கை மட்டும் கரிந்திருந்தது.
மற்றபடி தூங்குவதுபோல் என்று சொல்ல வந்தேன்.
இல்லை. தூங்கும் குட்டி
தாயின் மயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அவள் அதன் விரல்களை எடுத்துத்
தன் வயிற்று மயிரில் வைத்தாள்.
நழுவின.
மறுபடி வைத்தாள்.

ரொஸ்லான் கீழேயிருந்து
கழியால் கம்பத்தை ஒரு தட்டுத் தட்டினான்.
அவள் திரும்பவில்லை.
அவனும் இரண்டாம் தரம் தட்டவில்லை.
கழியை வேனுக்குள் போட்டுவிட்டு
எஞ்சினை அணைத்தான்,
எண்ணெய் வீணாவதற்கு ஒருநாளும் கவலைப்படாதவன்.

மட்டை மட்டையாக மற்றவை வந்து உட்கார்ந்தன.
பதினேழு வரை எண்ணினேன்.
நேற்றுக் கோயிலில் ஒரு தேங்காய் மூடிக்கு
ரத்தம் வர அடித்துக்கொண்ட அதே கூட்டம்.
வெட்டிப் போட்ட பழக்குலைகள் கீழேயே கிடந்தன,
ஒன்றும் தொடவில்லை.
ஓர் இளசு மட்டும் கம்பத்தில் ஏறிவந்து
குட்டியின் வாலை முகர்ந்தது.
பிறகு தாயின் முதுகில்
பேன் பார்க்கத் தொடங்கியது.
பேன் இருந்ததா, தெரியாது.

போன் அடித்தது.
"என்னா ஞானவேலு, இன்னும் எத்தனை நிமிசம்?"
புது பியூஸ் என் சட்டைப் பையில் இருந்தது.
மாட்டினால் மூன்று நிமிடம்.
கடைவீதி முழுக்க வெளிச்சம் வரும்,
அவளைச் சுற்றியுள்ள கம்பிகளிலும் வரும்.
"சாமான் வரணும் பாஸ்" என்றேன்.

முடிதிருத்தும் கடையிலிருந்து
பாதித் தலையோடு ஒருவர் திட்டிக்கொண்டே வந்தார்,
கழுத்தில் துண்டு கட்டியபடி.
அண்ணாந்தார்.
துண்டை அவிழ்க்காமலே எங்கள் பக்கத்தில் நின்றுவிட்டார்.
ஐஸ் கச்சாங் கடையில்
ஐஸ் கரைந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

இருட்டும் நேரம், தோட்டத்துக்குள்ளிருந்து
கிழட்டுக் கடுவன் ஒரு தரம் குரல் கொடுத்தது.
ஒவ்வொன்றாக இறங்கிப் போயின.
அவள் மட்டும் இருந்தாள்.
பிறகு குட்டியை ஒரு கையில் அணைத்து
மற்ற மூன்றால் இறங்கினாள்,
தடுமாறி, என் ஏணியை உரசிக்கொண்டு.
சாக்கடையைத் தாண்ட
குட்டியைக் கீழே வைத்தாள்.
தாண்டினாள்.
தாண்டியவள் திரும்பி வந்தாள்.

"இருங்க தம்பி, இன்னும் போட்டுடாதீங்க"
என்றார் பாதித் தலைக்காரர்.

ஏழரைக்கு மேல்தான் பியூஸை மாட்டினேன்.
ஊர் பளிச்சென்று ஆனது, யாரோ கை தட்டினார்கள்.
ரிப்போர்ட்டில் காரணம்: விலங்கு.
தாமதத்துக்கு: சாமான் இல்லை.
ரொஸ்லான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

மறுவாரம் அவளைக் கோயில் மதிலில் கண்டேன்.
வயிற்றில் தோல்போலக் காய்ந்து ஏதோ ஒட்டியிருந்தது.
அதற்கடுத்த வாரம் அதுவும் இல்லை.
ஆனால் மதில்மேல் நடக்கையில்
ஒரு கையை வயிற்றிலிருந்து எடுக்காமல்
மூன்று காலில்தான் நடந்தாள்.