சுவர் இருமவில்லை

ஏழு நாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.
சகார் சாலை, பதினோராவது மாடி.
கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
மூன்று தட்டு கேட்டுத் திறப்பதற்குள்
ஆள் போயிருப்பார்.
நாற்காலிமேல் போஹா, ஆறிய டீ.
கதவடி இடுக்கில் கன்னம் வைத்துப் படுத்திருந்த ரூபன்
“இன்னைக்கு வேற ஷூ” என்பான்.

ஜன்னல் திறக்காது.
ஓடுபாதையில் மழை மட்டும்
இறங்கிக்கொண்டிருந்தது.

ஷார்ஜாவில் எங்களுக்கு அறை கிடையாது,
ஒரு ஹாலில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது.
பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் கோட்டயத்துக் குடும்பம்.
இந்தப் பக்கம் ஓயாமல் இருமுகிற ஒருவர்.
ஆறு வருடம்
சண்டையைக்கூடக் காதோடுதான் போட்டோம்.
கொஞ்சலுக்கும் அதே குரல்.
எது எதுவென்று சில நாள் குழம்பும்.

மூன்றாம் நாள் இரவு
அறை வாடகையில் ஆரம்பித்தேன்.
வேலை போனதை
இரண்டு மாதம் ஏன் மறைத்தீர்கள் என்பதற்கு வந்தபோது
என் குரல் எங்கேயோ போயிருந்தது.
எபனேசர் பதறிச் சுவரைப் பார்த்தார்.
சுவர் இருமவில்லை.
“இன்னும் சத்தமாப் பேசு” என்றார்.
பேசினேன்.
அவரும் பேசினார்.
அவ்வளவு கனத்த குரல் அவருக்கு உண்டென்று
அன்றைக்குத்தான் தெரியும்.
ரூபன் டிவியை அணைத்துவிட்டு
எங்களைப் பார்க்க உட்கார்ந்தான்.

ஐந்தாம் நாள் குரூஸ்மேரி மைனி
தாராவியிலிருந்து மகனின் பைக்கில் வந்து
கேட்டில் நின்று போன் செய்தாள்:
“மஞ்சள் குடை நான்தான்.”
கீழே மஞ்சள் குடை இரண்டு இருந்தன.
இரண்டுக்கும் கையாட்டினோம்.
மீன் குழம்பைக் காவலாளி உள்ளே விடவில்லை.
ஒரு குடை சாய்ந்தது.
தூக்குச்சட்டி மூடியைத் திறந்து
பதினோரு மாடிக்கும் காட்டினாள்.
மழை அதில் விழுந்திருக்கும்.

எட்டாம் நாள் காலை
புறங்கையில் முத்திரை குத்தினார்கள்.
இன்னும் ஏழு நாள்
வீட்டில் தனித்திருக்கவும் என்றது தாள்.
வீடு பத்துக்குப் பன்னிரண்டு.
மைனி வீட்டார் ஐந்து பேர், நாங்கள் மூவர்.
தலைமாடு கால்மாடாகப் படுத்தோம்.
நடு இரவில் எபனேசர் என் காதருகே ஏதோ சொன்னார்.
“சண்டையா?”
“இல்ல.”
மறுபடி சொன்னார்.
அறை எண்.