அடங்கலில் அடங்காதது

பசலி ஆயிரத்து நானூற்று முப்பத்துமூன்று.
கார்த்திகை அடங்கலுக்குக் காரங்காட்டின் வடக்கே போயிருந்தேன்.
சர்வே எண் இருநூற்றுப் பதினாலு, உட்பிரிவு மூன்று பி.
பட்டாதாரர் சாத்தையா. வகைப்பாடு நஞ்சை.
நஞ்சை என்று நான் எழுதவில்லை.
எனக்கு முன்னால் இருந்த யாரோ
மைப்பேனாவால், மனசார எழுதியது.

அப்போது அங்கே அலையாத்தி நின்றதாம்.
சாத்தையாவின் அப்பா வெட்டினார், கரை உயர்த்தினார்,
மூன்று மழையில் உப்பைக் கழுவி இறக்கினார்.
முதல் போகம் ஏக்கருக்கு இருபத்திரண்டு மூட்டை.
அந்த இருபத்திரண்டை அவர்கள் வீட்டில் இன்றும் பேசுகிறார்கள்,
செத்துப்போன மூத்த பிள்ளையைப் பேசுவதுபோல.
பிறகு பதினாறு. பிறகு ஒன்பது.
கரைக்கு வெளியே மிச்சம் நின்றதையும் விறகுக்கு இறக்கியபின்
கிணற்றுக்குள் கடல் எட்டிப் பார்த்தது.
நாலு மூட்டை கண்ட வருஷம்
இறால்காரனுக்குக் குத்தகை விட்டான் சாத்தையா.
வெள்ளைப்புள்ளி வந்து இறால் மிதந்தது.
மோட்டாரைக் கழற்றிக்கொண்டு அவன் போனான்.
கேட்காமலே வந்தது சீமைக்கருவேல்.

அதை வெட்டி இப்போது அமலோற்பவம் மூட்டம் போடுகிறாள்.
மழை வெறித்த ஒன்பது நாள்
மண் பூசிய மேட்டில் புகை கசிந்தது.
நின்றுபோன மூட்டைக் கணக்கு மறுபடி தொடங்கியிருக்கிறது,
கரி மூட்டை.

பெரியபட்டினத்துப் பெண் ஃபாஹிமா அங்கே இருந்தாள்,
ஆராய்ச்சிக்காக, முழங்கால்வரை சேறு.
மிச்சமிருக்கும் காட்டுக்குள் இரும்புக் குழாயை ஒரு மீட்டர் இறக்கி
உருவினாள். கறுப்பு. அழுகின முட்டை வாடை.
“கரிமம் சார். காத்துல இருந்து மரம் பிடிச்சுக் கீழ வச்சது.
சாத்தையா வயல்லயும் எடுத்தேன். வெளுத்துக் கெடக்கு, பாதிகூட இல்ல.”
அமலோற்பவம் குழாயை மோந்து பார்த்தாள்:
“அப்ப நாங்க மேல விடுறத இது கீழ வாங்குதாக்கும்.
மூட்டைக்கு என்ன குடுப்பாக?”
ஃபாஹிமா சிரிக்கவில்லை. போனில் ஏதோ கணக்குப் போட்டாள்.
தொகையைச் சொல்லவில்லை.

காட்டுக்கு நேர் பின்னே, இருநூற்றுப் பத்தொன்பதில்,
முண்டு மிளகாய் நாலு இலை விட்டிருக்கிறது.
அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன்.
துப்பவில்லை.

ஐப்பசி மழையில் சாத்தையாவின் கரை உடைந்தது.
அடைக்கக் காசில்லை, விட்டுவிட்டான்.
ஓதம் உள்ளே வந்து, போய், வந்து,
உடைப்போரம் விரல் உயரத்தில்
தடித்த இலை இரண்டிரண்டாக
நாற்பத்தொரு கன்று வைத்திருந்தது.
யாரும் பாவாத நாற்றங்கால்.

மறுநாள் காலை எண்ணினேன். ஆறு.

சாத்தையாவின் நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
“மரம் வளந்துட்டா வனத்துறை கம்பி போட்ருவான் சார்.
வெளையாட்டியும் பட்டா பட்டாதான.
மக காலேஜுக்கு பேங்குல அதத்தான் வச்சிருக்கேன்.”
உன் பயம் தப்பு என்று காட்ட
என் பையில் அரசாணை எதுவும் இல்லை.
இருந்தாலும் அவன் நம்பியிருக்கமாட்டான்;
நானே நம்பியிருப்பேனா தெரியாது.

பயிர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
நெல், மிளகாய், பருத்தி, தரிசு.
சேற்றுக்கு அடியில் இருப்பதற்குக் கட்டம் இல்லை.
கரி என்றால் பழந்தமிழில் சாட்சி என்று
பள்ளிக்கூடத்தில் படித்தது, நேரங்கெட்ட நேரத்தில், ஞாபகம் வந்தது.

தரிசு என்று போட்டேன்.
“தரிசுல நிக்கிறது களை, சாத்தையா,” என்றேன்
அவன் முகத்தைப் பார்க்காமல்.
“களைய எவனும் வந்து அளக்கமாட்டான். விடு.”
அவன் பீடியைப் பற்றவைத்தான். சரி என்றும் சொல்லவில்லை.

அடுத்த அடங்கல் மார்கழி பிறந்த பிறகு.
அதுவரை நாளைக்கு இரண்டு தடவை
ஓதம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரும்.
நான் போகமாட்டேன்.