மின்வெட்டு, சாட்ஸ்வர்த் யூனிட் மூன்று

மாலை ஆறுக்குக் கரண்ட் போகும் என்று
பட்டியல் சொல்லித்தான் இருந்தது.
சாகரன் அந்த உச்சக் கூவலுக்கு
வாயைத் திறந்த நொடி
கராஜ் இருண்டது.
என் பேஸ் கிடார் கொசுவாய் முனகியது.

டிரம்ஸுக்கு ஏது மின்சாரம்?
பகலெல்லாம் துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்கும்
பூபாலன் கைகள்
இருட்டிலும் இடம் தவறவில்லை.

முப்பது வருஷமாய் அதே தோல் ஜாக்கெட்,
அதே டிராகன், அதே மூன்று ஸ்வரம்,
சலிக்கவில்லையா என்பாள் மகள்.
டர்பன் புழுக்கத்தில் ஜாக்கெட் சலிக்கும்தான்.
மற்றதற்கு என்ன சொல்ல?
பிரசவ வார்டில் இரவு நர்ஸ் நான்.
அலறலில் பொய் இருந்தால்
எனக்குக் கேட்டுவிடும்.
இந்தப் பாட்டுகளில் இதுவரை கேட்டதில்லை.

சாகரன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு
விட்ட இடத்திலிருந்து
வெறும் தொண்டையில் எடுத்தான்.
பின்வீட்டு நாய் குரைத்தது.
மேட்டுத் தெருவில் யாரோ
குப்பைத்தொட்டி மூடியில் தட்டிச்
சரியாய் நாலாவது அடியில் சேர்ந்துகொண்டார்.

கரண்ட் எப்போது வந்ததோ.
ஏழுக்கு எனக்கு டியூட்டி.
சீருடைக் காலருக்குள் கழுத்து
இன்னும் வலித்துக்கொண்டிருக்க,
ஜன்னலோரக் கட்டிலில் ஒரு சின்னப்பெண்
போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தாள்,
பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக் கூடாதென்று.

போர்வையை மெல்ல உருவினேன்.
கத்து, என்றேன்.