நடுவில் மூன்று பேர்

பெருந்துறையில் வேன் கிளம்பும்போதே எழுத ஆரம்பித்துவிட்டேன்.
பனியன் கம்பெனி டெலிவரி சலான், அதன் பின்பக்கம்.
ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கம் போட்டாயிற்று.
இலக்கம் போடுவது சுலபம்.

சார் சொல்வது ஒன்றுதான்:
"நாலாவது ஆளுதான் முக்கியம்.
மூணு பேஸ்லயும் ஆள் நிக்கும்,
ஒரே அடி, எல்லாரும் ஹோமுக்கு வந்துரணும்."
அவர் டிவியில் பார்த்த ஊரில்
ஆடி மாதம் கிடையாது.

பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த காற்று
தாராபுரம் வரைக்கும் மூச்சு வாங்காமல் வருகிறது.
காற்றாலைகள் அத்தனையும் மேற்கே பார்த்து நிற்கின்றன.
நாங்களும் மேற்கே பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.
தூக்கி அடித்தால், பந்தைக் காற்று கையில் வாங்கி
போட்டவளிடமே திருப்பிக் கொடுத்துவிடும்.
அதனால் கோகிலவாணி நாலாவது இல்லை,
அவளுக்குத் தூக்கித்தான் அடிக்க வரும்.
ஐந்து.
சித்த நேரம் யோசித்தேன். ஐந்தேதான்.

முதலில் மௌனிகா.
சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி
ஒவ்வொரு பந்தையும் பார்ப்பாள், வேண்டாம் என்பாள்.
நாலு கெட்ட பந்து வந்ததும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு
முதல் பேஸுக்கு நடந்தே போவாள்.
மூன்று இந்துமதி, நாலு மரிய புஷ்பம்.
ஏழும் எட்டும் ஓ.டி. கிடைக்குமென்று வந்த பிள்ளைகள்.
ஒன்பதில் நான்.
கடைசி என்று சிரிக்கிறார்கள்.
மௌனிகாவுக்கு முந்தின ஆள் என்று
நான் யாருக்கும் சொல்லவில்லை.

சிக்கல் இரண்டிலும் ஆறிலும்.
ரிஸ்வானாவுக்கும் தாரகைக்கும் கால் ஐந்தாம் நம்பர்.
ஐந்தாம் நம்பரில் கல்லூரி வாங்கியது
ஒரே ஜோடி ஸ்பைக்ஸ்.
ஒருத்தி அடித்து, ஓடி, திரும்பி வந்து கழற்றினால்தான்
இன்னொருத்தி மாட்டிக்கொண்டு போக முடியும்.
ஒன்பது பேர் வட்டத்தில் இரண்டு பேரை
எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம்?
விரலில் எண்ணினேன், சலானில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன்.
முன்னால் மூன்று பேர், சுற்றி வந்தால் நாலு பேர்.
அதற்கு மேல் தூரம் வட்டத்தில் இல்லை.
மூன்று பேருக்குள் ரிஸ்வானா வீடு வந்துவிடுவாள்,
இல்லையென்றால் இன்னிங்ஸே முடிந்துவிடும்.
காகிதம் சரி என்றது.
அம்பயரிடம் கொடுத்தேன். இனி மாற்றக் கூடாது.

ஐந்தாவது இன்னிங்ஸ்.
மௌனிகா அன்றைக்குப் பார்த்து மட்டையைச் சுழற்றி அவுட்.
ரிஸ்வானா அடித்தாள்.
இந்துமதி நடந்தாள்.
புஷ்பம் இடுப்பில் பந்து வாங்கிக்கொண்டு
நொண்டிக்கொண்டே முதல் பேஸுக்குப் போனாள்.
கோகிலவாணி தூக்கினாள்,
காற்று திருப்பிக் கொடுத்தது.
மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட்.
ஆறாவது ஆள் வர வேண்டும்.

ஸ்பைக்ஸ் மூன்றாம் பேஸில் நின்றுகொண்டிருந்தது.

ரிஸ்வானா குனிந்து லேஸில் கை வைத்தாள்.
"ஏம்மா, அக்கட்ட என்ன பண்ற,
ஆட்டம் நடக்குதில்ல?" என்றார் அம்பயர்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் சலானைப் பார்த்தேன்.
தாரகை யாரையும் பார்க்கவில்லை.
வழுக்கும் கேன்வாஸைக் கழற்றி
ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தாள்,
கோயிலுக்குப் போகிறவள் மாதிரி.
வெறுங்காலோடு போய் நின்றாள்.
இரண்டாவது பந்து.
தூக்கவில்லை. தரையோடு தரையாக.
ஓடினாள் பாருங்கள்,
அத்தனை வெசயா அவள் ஓடி நான் கண்டதில்லை.
ரிஸ்வானா ஹோமில்.

ஆனாலும் தோற்றோம். ஏழுக்கு நாலு.

காங்கேயம் தாண்டி, இருட்டிய வேனில்,
தாரகையின் பாதம் என் மடியில்.
செல்போன் வெளிச்சத்தில், ஊக்கு முனையால்
நெருஞ்சி முள் எடுத்தேன். பதினொன்று.
சலானைத் திருப்பி அடுத்த மேட்ச்சுக்கு எழுத இடம் தேடினேன்.
ஆண்கள் பனியன், எண்பத்தைந்து, நாற்பது டஜன்,
அதற்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இருந்தது.

"ஏண்டி, இனிமே எங்க ரண்டு பேரையும்
பக்கம் பக்கமாவே போட்டுரு" என்றாள் தாரகை.
"ஆளுக்கு ஒரு காலு மாட்டிக்கறோம்."

பின் சீட்டில் ரிஸ்வானா தூங்கிக்கொண்டிருந்தாள்,
ஸ்பைக்ஸைக் கழற்றாமல்.