பொத்தான்

க்னொஃப்லீக் என்றால் பொத்தான்;
மூக்கைப் பார்த்து வைத்த பெயர்.

மூன்று வாரம்
சதகுப்பைத் தழையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன்.
கம்பளத்தின் ஓரம்வரை வருவான்,
முன்னங்கால் ஒன்றை அடுக்களைத் தரையில் வைப்பான்,
சூடுபட்டவன்போல் எடுத்துக்கொள்வான்.
திமிர் என்றேன்.
முயல் என்ன நாயா என்றாள்
பக்கத்து வீட்டு ஹெட்விகா.

நேற்று சாக்ஸோடு நானே சறுக்கி
அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான்
விளங்கிற்று.

ராதிம் விட்டுப்போன கம்பளிக் கோட்டை
நிலைப்படியிலிருந்து என் கால்வரை விரித்தேன்,
கைகள் இரண்டும் அகல.
மெதுவாகத்தான் சொன்னேன்.
ஒவ்வொரு பொத்தானாக மோந்துகொண்டு வந்தான்.

நாலு மாடிக்குக் கீழே
ப்ர்னோவின் கடைசி டிராம்
திருப்பத்தில் கிறீச்சிட்டது.

ராதிமையும் கூப்பிட்டிருக்கிறேன்,
கத்தி,
இதே இடத்தில் நின்றபடி.