ஒட்டகம் இல்லாதது

சார்ஜாவில் பழந்துணிக் கிடங்கில்
தரம் பிரிப்பது என் வேலை.
குளிர்நாட்டு ஸ்வெட்டர்கள் பேல் பேலாக இறங்கும்.
நல்லது கப்பலேறும், சுமாரானது லாரியேறும்,
பூச்சி அரித்தது எனக்கு.
கிலோ ஒரு திர்ஹம். சூப்பர்வைசர் அதைக் கணக்கில் எழுதமாட்டார்.

கொதிநீரில் போட்டால் கம்பளி சுருங்கித் தடிக்கும்.
காயவைத்து அரைவிரல் அகலத்தில் கீறுவேன்,
கை தனி, முதுகு தனி.
ஒரு கழுத்துப்பட்டையில் பெயர்த்துணி தைத்திருந்தது,
எழுத்து தெரியவில்லை, யாரோ பள்ளிப்பிள்ளை.
பெயரைப் பிரித்து டப்பாவில் போட்டேன்.
மிச்சத்தைக் கீறினேன்.
நல்ல பச்சை அது.

அடித்துணிக்கு அரிசிச் சாக்கு.
கொக்கி, வியாகுலம் வெல்டிங் பட்டறையில்
ஆறங்குல ஆணியை வளைத்து உரசித் தந்தது.
கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாங்கித் தந்தவற்றில்
அடகுக்குப் போகாத ஒன்று.

சாக்குக்கு அடியில் துண்டைப் பிடி.
மேலிருந்து குத்து, மாட்டு, இழு.
ஒரு கண்ணி எழும்பும்.
பக்கத்தில் இன்னொன்று.
சாண் சதுரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்.
எண்ணியது ஒரே முறை,
சம்பளம் வராத மாதத்தில்.

இந்த வெயிலிலா கம்பளி, என்பார்கள்.
ஏசி ஓடும் வீட்டில் டைல்ஸ் தரையில்
வெறுங்காலோடு நின்றவர்கள் கேட்பதில்லை.

மசாஃபி சாலையோரச் சந்தையில்
குல்ஜமான் கடைவாசலில் எனக்கு நாலு முழம்.
விற்றால் ஐந்தில் ஒன்று அவருக்கு.
அவர் கடையில் தொங்குவதெல்லாம் ஈரான்,
சீனாவிலிருந்து வரும் ஈரான்.
"ஒட்டகம் போடு, ஒட்டகம்தான் ஓடும்" என்றார்.
போட்டேன்.
முதலில் பார்த்த பிள்ளை "நாய்" என்றது.
அரபியில் அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

போன வெள்ளி, அஸருக்குச் சற்று முன்,
கல்பாவிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது.
தாய் பையைத் துழாவ வேண்டி
கைக்குழந்தையைக் கீழே கிடத்தினாள்,
ஒட்டகம் இல்லாததன் மேல்:
நீலமும் பழுப்பும், ஒரு நிறம் தீர்ந்த இடத்தில்
அடுத்த நிறம் தொடங்கியது, அவ்வளவுதான் அதன் டிசைன்.
குழந்தை குப்புறப் புரண்டது.
இரண்டு உதை உதைத்தது.
தூங்கிவிட்டது.

மூன்று நாளாகத் தூங்கவில்லையாம், பல் முளைக்கிறதாம்.
பிறகு யாரும் குரலெடுக்கவில்லை.
குல்ஜமான் ரேடியோவை அணைத்தார்.
பக்கத்து மாம்பழக்காரர் கூவ வாய் திறந்து
கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

முந்நூறு, என்றேன் உதட்டால்.
நூறு, என்றாள் ஒரு விரலால்.
கணவர் குனிந்து, நூற்றிருபது.
அடிப்பக்கம் பார்க்க வேண்டுமென்று சைகை காட்டினார்.
எப்படிப் புரட்ட? மேலே பிள்ளை.
ஓர் ஓரத்தை மட்டும் தூக்கினார்.
பாஸ்மதி, நாற்பது கிலோ, என்றது சாக்கு.
போச்சு, என்று நினைத்தேன்.
அவர் வாயைப் பொத்திக்கொண்டு
தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.
அவர்கள் வீட்டிலும் அதே அரிசியாம்.

கிசுகிசுத்துக்கொண்டே விட்டுக்கொடுக்காமல் இருப்பது
மாமியாரோடு ஒரே அறையில் இருந்தபோது பழகியது.
இருநூற்றுப் பத்தில் நின்றேன்.

எழுப்பக்கூடாது என்றாள்.
நாலு மூலையை நாலு பேர் பிடித்தோம்,
சப்பரம் தூக்குகிற பதத்தில், காலை அளந்து வைத்து.
மாம்பழக்காரர்தான் முன்னால் வலப்பக்கம்.
வண்டிக்குள் குளிர்காற்று பட்டதும்
குழந்தை முகத்தை இப்பக்கம் திருப்பியது.
கன்னம் முழுக்க என் கண்ணிகள், வரிசை வரிசையாக.
ஒரு வரிசை கோணல்.
அது நான் தூங்கி வழிந்த ராத்திரி.

குல்ஜமான் நாற்பத்திரண்டை எண்ணி எடுத்துக்கொண்டார்.
வாசலில் தூசி படாத ஒரு நீள்சதுரம் மீந்தது.
அதில் ஒட்டகத்தை விரித்தேன்.
ரேடியோ விட்ட இடத்தில் தொடங்கவில்லை,
வேறு ஏதோ பாடியது.