தவுக்கே

ஆறு வெள்ளிக்கு வாங்கியவன்.
கட்டைவிரல் நீளம்கூட இல்லை,
நீல உடம்பு, வால் மட்டும் மஞ்சள்.
மூன்று வருடமாக
நூற்றிருபது லிட்டர் கடலும் அவன் பேரில்தான்.
பாசி துடைக்கக் கை விட்டால் கடிப்பான்.
தவுக்கே என்று பெயர் வைத்தவள் சுபாஷிணி.
அவனுக்கு இருபத்தாறு டிகிரியில் குளிர்நீர்,
நமக்கு மேலே சுற்றும் விசிறியா
என்று மாதாமாதம் மின்கட்டணத்தை நீட்டுகிறவளும் அவள்தான்.

சிராங்கூன் நார்த் மீன்கடையில் மிஸ்டர் கோ
புதியவனைப் பையில் கட்டும்போதே கேட்டார்:
உள்ளே ஏற்கெனவே யார்?
சொன்னேன்.
பையை என் பக்கம் தள்ளாமல்
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.
பிறகு கேட்டார்,
வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கிறதா?

வந்தவன் மஞ்சள் கோபி.
பெயர்தான் கோபி,
முன்கோபி மற்றவன்.
இவனுக்குக் கண்கள் தலைக்கு மேலே,
இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டவன்போல
எந்நேரமும் ஒரு திடுக்கிடல்.

இரவு ஒன்பதுக்கு விளக்கை அணைத்தேன்.
பாறைகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றினேன்,
குகை இருந்த இடத்தில் மணல்,
மணல் இருந்த இடத்தில் ஒரு வளைவு.
விடிந்தால் அவனுக்குத் தன் வாசல் தெரியக்கூடாது,
அதுதான் கணக்கு.
அவனும் என் மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றி வந்து
கல்லுக்கு ஒரு கடி என்று
தன் கணக்கை எழுதிக்கொண்டிருந்தான்.
குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி
தொட்டியின் இடப்பக்கம் வெளியே டேப்பால் ஒட்டினேன்.
சின்னக் குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக
பைக்குள் இருந்த கடலுக்கு
எங்கள் கடலைப் பழக்கினேன்.
ஒரு மணி நேரம்.
சுபாஷிணி தூங்கிவிட்டாள்.

காலையில் விளக்கு எரிந்ததும் தவுக்கே பார்த்தான்.
கோபியை அல்ல.
இடப்பக்கத்தில்
தன்னளவே நீலம், தன்னளவே மஞ்சள்,
தான் துடுப்பு விரித்தால் தானும் விரிக்கிற ஒருவன்.
பிறகு அவனுக்கு வேறு வேலை இல்லை.

நான்கு நாள் சண்டை.
இறால் துணுக்கைக் கவ்விக்கொண்டே ஓடுவான்,
எதிரியும் வாயில் இறாலோடு வந்து நிற்பான்.
அவன் முதுகுக்குப் பின்னால் கோபி
பம்புக்கு அடியில் மணலை அள்ளி அள்ளித் துப்பி
தனக்கொரு படுக்கையறை தோண்டிக்கொண்டிருந்தான்.

அந்த நான்கு நாளும்
நான் தடவிப் பார்த்துத்தான் சவரம் செய்தேன்.
ஈசூனில் ஒரு மின்தூக்கிக் குழிக்குள் இறங்கும்போது
ஹஃபிஸ் என் தாடையைக் காட்டிச் சிரித்தான்,
இந்தப் பக்கம் அறுவடை பாக்கி.
மின்தூக்கிக்குள் கண்ணாடி எதற்கு வைக்கிறார்கள்
என்று கேட்டேன் அவனை.
பக்கத்தில் நிற்பவனைப் பார்க்காமல் இருக்க, என்றான்.
நிஜமோ என்னவோ.

ஐந்தாம் நாள் டேப்பை உரித்தேன்.
தவுக்கே அதே வேகத்தில் வந்தான்.
விரித்தான்.
அந்தப் பக்கம் எங்கள் சோபா,
மடிக்காத துணிகள்,
நான்.
நின்றான்.
வளைவைச் சுற்றி வந்து மறுபடி பார்த்தான்.
வழியில் கோபி இருந்தான்.
வாலால் ஒரு தட்டு,
கோபி குழிக்குள் போய்
தலையை மட்டும் நீட்டினான்,
அவ்வளவுதான்.

கண்ணாடி குளியலறைக்குத் திரும்பிவிட்டது.
கீழ் ஓரத்தில் உப்பு பூத்திருக்கிறது,
தேய்த்தும் போகவில்லை.

இன்னமும் காலை விளக்கு எரிந்ததும்
தவுக்கே இடப்பக்கம் போகிறான்.
துடுப்பை முழுக்க விரிப்பதில்லை.
சும்மா கொஞ்ச நேரம்,
சொன்ன நேரத்துக்கு ஆள் வராதபோது நிற்பதுபோல.

நேற்று துணி மடித்துக்கொண்டே சுபாஷிணி சொன்னாள்,
பேசாம அந்தக் கண்ணாடிய
அவனுக்கே குடுத்துடுங்க.
நமக்கு வேற வாங்கிக்கலாம்.